எந்தக் கட்டம் முதலில் கிழியும்?

வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். 200 டன் சரக்குக் கப்பல் ஒன்று. விலை ஏறக்குறைய 3 கோடியே 70 லட்சம். ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினால் கப்பல் கைக்கு வரும். பிறகு விலையில் 240இல் ஒரு பங்கு மாதத் தவணை, 480 மாதங்களுக்கு. மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல், நாற்பது ஆண்டுகள். சரக்குக் கூலி டன்னுக்கு 1,000. எரிபொருள், ஆட்களின் சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் அந்த வருமானத்தில்தான். கப்பல் ஓடுவது நட்சத்திரங்களுக்கு நடுவே. பணத்தின் பெயர் கிரெடிட். மற்றபடி மாதக் கடைசியில் நமக்கு வரும் அதே கவலை.

1977இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிராவலர்' என்ற ஆட்டத்தின் விதி இது. விண்வெளி வீரத்தை எதிர்பார்த்து நூலைத் திறந்தவர்களின் கையில் அது கடன் பத்திரத்தைக் கொடுத்தது. அதனாலேயே அந்த ஆட்டம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகியும் சாகவில்லை என்று நினைக்கிறேன். அறிவியல் புனைவு ஆட்டத்துக்கு எந்த விதிநூலைத் தேர்ந்தெடுப்பது என்று யாராவது கேட்டால், இந்தத் தவணைக் கணக்கிலிருந்துதான் பதிலைத் தொடங்குவேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. ரோல்பிளே ஆட்டம் என்பது மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, பேச்சாலேயே ஆடுவது. ஒருவர் நடுவர், உலகத்தையும் அதில் எதிர்ப்படும் ஆட்களையும் அவர் சொல்லி விரிப்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவை உடைக்கிறேன்", "அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்துப் பார்க்கிறேன்" என்று அவரவர் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் எழும் இடத்தில் பகடை உருளும். பகடை சொன்னதற்கு என்ன பொருள் என்பதை விதிநூல் சொல்லும்.

வாள், கோட்டை, மந்திரவாதி என்று போகும் மாயப் புனைவு ஆட்டத்தில் அந்த உலகம் பாதி ஏற்கெனவே எல்லோர் மனதிலும் இருக்கிறது. எதிர்காலம் அப்படியில்லை. ஒளியை விட வேகமாகப் போக முடியுமா? பத்து ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவரோடு பேச முடியுமா? செத்தவரை மீட்க முடியுமா? இயந்திரத்துக்கு உரிமை உண்டா? ஒவ்வொரு நூலும் வேறு வேறு பதில் சொல்கிறது, அந்தப் பதிலே ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கிறது. டிராவலர் உலகில் கப்பலை விட வேகமான தந்தி இல்லை. ஆகவே கடனைக் கட்டாமல் ஓடுகிறவன், தன்னைப் பற்றிய செய்திக்கு முன்பே அடுத்த துறைமுகத்தை எட்டிவிடலாம். அந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் பாதிக் கதைகள் நடக்காது.

பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகள் மூன்று: பிடித்த உலகம் எதுவோ அதை வாங்கு; பகடை முறை எளிதாக இருப்பதை வாங்கு; பக்கம் குறைவாக இருப்பதை வாங்கு. மூன்றிலும் உண்மை உண்டு, ஆனால் மூன்றும் இரண்டாம் கட்டக் கேள்விகள். முதல் கேள்வி, இந்த நூல் நம்மை எதற்குக் கணக்கு எழுத வைக்கிறது என்பது. ஆட்டக்காரர்கள் எண்ணிக்கொண்டே இருப்பதைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். அவர்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்களோ அதுவே கதையாகும்.

மூன்று கருப்பு நூல்கள்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை 1974இல் வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டில், 1976இல், ஜேம்ஸ் வார்டு எழுதிய 'மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா' வந்தது. பேரழிவில் சிக்கிய பிரம்மாண்டமான விண்கலம். அதற்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தாங்கள் இருப்பது கப்பல் என்பதே தெரியாது. அறிபுனை ரோல்பிளே ஆட்டங்களின் தொடக்கமாகப் பலரும் இதைச் சொல்வார்கள். ஆனால் ஒரு மரபாக வேரூன்றியது அடுத்த ஆண்டு வந்த டிராவலர்தான். இல்லினாய் மாநிலத்தின் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்துக்காக மார்க் மில்லர் உருவாக்கியது. ஒரு சிறு பெட்டிக்குள் மூன்று கருப்பு அட்டை நூல்கள்: ஆட்களும் சண்டையும் ஒன்றில், விண்கலங்கள் ஒன்றில், உலகங்களும் பயணங்களும் ஒன்றில்.

இந்த ஆட்டத்தில் பாத்திரத்தை உருவாக்குவதே ஒரு ஆட்டம். பதினெட்டு வயதில் தொடங்கி, கடற்படை, தரைப்படை, வணிகக் கப்பல், வேவுப் பணி என்று ஏதாவது ஒன்றில் சேர வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பகடை உருட்டி, பிழைத்தோமா, பதவி உயர்ந்ததா, என்ன கற்றோம் என்று பார்க்க வேண்டும். வேவுப் பணியில் பிழைக்க இரண்டு பகடையில் ஏழோ அதற்கு மேலோ விழ வேண்டும். உடல் உறுதிக்கான சலுகை இல்லாதவர் ஒவ்வொரு நான்காண்டிலும் சாவதற்கான வாய்ப்பு 36இல் 15. ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் செத்துப்போகும் விதி என்று இதைக் கேலி செய்வார்கள். ஆனால் 34 வயதில் முதுமைக் கணக்கும் தொடங்குகிறது. இன்னும் நான்கு ஆண்டு பணியில் இருந்தால் இன்னொரு திறமை. இருந்தால் சாகலாம், அல்லது முழங்கால் போகலாம். மேசைக்கு வரும்போது பெரும்பாலோர் பணி முடித்த நடுவயதுக்காரர்கள். அவர்களுக்கு ஒரு கடந்தகாலம் இருக்கிறது, அதை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. மாங்கூஸ் நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பதிப்பில் சாவுக்குப் பதில் விபத்து வந்துவிட்டது. பழைய சூதாட்டத்தின் காரம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

பயணக் கட்டணத்திலும் அதே கண்டிப்பு. முதல் வகுப்புக்கு 10,000, நடு வகுப்புக்கு 8,000. வெறும் 1,000 மட்டுமே வைத்திருப்பவரை உறையவைத்துப் பெட்டியில் ஏற்றுவார்கள். மருத்துவர் உதவி இல்லையென்றால் ஆறில் ஒருவர் இறங்கும் இடத்தில் கண் விழிக்க மாட்டார். அப்படிப் போகிறவர்களில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று பயணிகளே பத்து பத்து கிரெடிட் போட்டுப் பந்தயம் கட்டுவார்கள். வென்றவர் விழிக்காமல் போனால் பணம் கேப்டனுக்கு. ஏழைகளின் உலகத்தைப் பற்றி இந்தச் சிறு விதி சொல்லிவிடுவதைப் பத்துப் பக்க விவரணை சொல்லாது.

ஒரே விண்மீன் மண்டலம், மூன்று கணக்கு

உலகம் பிடித்திருந்தால் போதும் என்பவர்களுக்கு 'ஸ்டார் வார்ஸ்' ஒரு நல்ல பாடம். அந்தப் படங்களுக்கான முதல் ரோல்பிளே ஆட்டத்தை வெஸ்ட் எண்ட் கேம்ஸ் 1987இல் வெளியிட்டது. சாதாரண ஆறுமுகப் பகடைகளை அள்ளிப் போட்டுக் கூட்டினால் போதும். சினிமா வேகத்துக்கு அது ஒத்துப்போனது. அதன் துணை நூல்களின் தரம் எப்படியென்றால், பிறகு ஸ்டார் வார்ஸ் நாவல் எழுத வந்த டிமத்தி சானுக்கு லூகாஸ்ஃபிலிம் நிறுவனமே அவற்றை ஆதார நூல்களாகக் கொடுத்தது.

அதைவிடச் சுவையானது பின்னால் நடந்தது. ஃபேண்டஸி ஃபிளைட் கேம்ஸ் நிறுவனம் 2013, 2014, 2015 என்று ஆண்டுக்கொன்றாக மூன்று முழு விதிநூல்களை வெளியிட்டது. பகடை ஒன்றே. விண்மீன் மண்டலம் ஒன்றே. அடிப்படை விதிகளும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது பாத்திரத் தாளில், அதாவது ஆளின் விவரங்களை எழுதிவைக்கும் தாளில், ஒரு கட்டம். விளிம்புநிலைக் கடத்தல்காரர்களுக்கான 'எட்ஜ் ஆஃப் தி எம்பயர்' நூலில் அந்தக் கட்டத்தின் பெயர் கடப்பாடு: யாருக்குக் கடன், எவனிடமிருந்து ஓடுகிறாய் என்று. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் நடுவர் நூற்றுக்கு உருட்டுவார். குழுவின் மொத்தக் கடப்பாட்டுக்குள் விழுந்தால் யாரோ ஒருவரின் பழைய பாவம் அன்று வாசலில் வந்து நிற்கும். புரட்சிப் படைக்கான 'ஏஜ் ஆஃப் ரெபெலியன்' நூலில் அதே இடத்தில் கடமை. அது வளர வளர இயக்கத்தில் உங்கள் மதிப்பு உயரும். ஜெடாய்களுக்கான 'ஃபோர்ஸ் அண்ட் டெஸ்டினி' நூலில் அறநிலை. அமர்வு முடிந்ததும் செய்த பிழைகளை எண்ணிப் பகடையோடு ஒப்பிட்டு, ஆள் ஒளிப்பக்கம் நகர்ந்தானா இருட்டுப்பக்கமா என்று பார்ப்பார்கள்.

ஒரு கட்டத்தை மாற்றியதும் ஆட்டம் மாறிவிட்டது. முதலாவதில் ஆட்டக்காரர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். இரண்டாவதில் சாதிக்கப் பார்ப்பார்கள். மூன்றாவதில் தங்களைத் தாங்களே சந்தேகப்படுவார்கள். "எங்களுக்கு ஸ்டார் வார்ஸ் பிடிக்கும்" என்பது மட்டும் போதாது. அதற்குள் எந்தக் கவலை பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயத்தை எண்ணுகிற நூல்கள்

இப்போது அதிகம் பேசப்படும் இரண்டு நூல்கள் திகிலைச் சேர்ந்தவை. ஸ்வீடனின் ஃப்ரீ லீக் 2019இல் வெளியிட்ட 'ஏலியன்', திரைப்பட உரிமம் பெற்றது. சீன் மெக்காய் உருவாக்கி 2018 முதல் டியூஸ்டே நைட் கேம்ஸ் வெளியிட்டுவரும் 'மதர்ஷிப்', சொந்தக் கற்பனை.

ஏலியனில் பகடைகளை அள்ளிப் போட்டு ஒரு ஆறேனும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் இன்னொரு முறை வற்புறுத்தி உருட்டலாம். அதற்கு விலை ஒரு பதற்றப் பகடை. இனிமேல் எல்லா உருட்டலிலும் அதுவும் சேரும். இதில்தான் இந்த விதியின் கெட்டிக்காரத்தனம். நான்கு பகடையில் ஆறு விழ 52 சதவீத வாய்ப்பு. ஐந்து பதற்றப் பகடை சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு 81 சதவீதமாக ஏறிவிடும். ஆனால் பதற்றப் பகடை எதிலாவது ஒன்று விழுந்தால் பீதிச் சோதனை. ஐந்து பகடையில் அதற்கான வாய்ப்பு 60 சதவீதம். பயந்தவன் கூர்மையாகிறான், கூர்மையானவன் உடைகிறான். நடுவர் பயமுறுத்தும் குரலில் பேசவே தேவையில்லை. மஞ்சள் பகடைகள் மேசையில் குவிவதைப் பார்த்தே வயிறு கலங்கும்.

மதர்ஷிப் அதைவிட வறண்டது. நூற்றுக்கு உருட்டித் தன் திறனுக்குள் விழ வைக்க வேண்டும். திறன்கள் பெரும்பாலும் ஐம்பதுக்குக் கீழே, ஆகவே தோல்வியே வழக்கம். தோற்கும்தோறும் அழுத்தம் ஒன்று ஏறும். பீதி தலைக்கேறும் கட்டத்தில் இருபது முகப் பகடையில் அழுத்தத்தைத் தாண்டி விழ வேண்டும். பாத்திரத் தாளே அம்புக்குறி போட்டு வழிகாட்டுவதால் புதியவரும் பத்து நிமிடத்தில் ஆளை உருவாக்கிவிடலாம். அந்த ஆள் ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தால் அதிர்ஷ்டம்.

இந்த இரண்டையும் வாங்குபவர் கேட்க வேண்டியது, எத்தனை நாள் ஆடப்போகிறோம் என்பதே. ஏலியன் நூலே இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது: ஒரே இரவில் ஆளுக்கொரு ரகசிய நோக்கத்தோடு ஆடி, பெரும்பாலானவர்கள் செத்து முடியும் 'சினிமா' முறை ஒன்று, நீண்ட தொடர் ஆட்டம் இன்னொன்று. முதலாவதற்குத்தான் இந்த இயந்திரம் பொருத்தமானது. பத்தாவது வாரமும் அதே அரக்கனைக் கண்டு அலற யாராலும் முடியாது.

உடலும் உயிரும்

மைக் பாண்ட்ஸ்மித் 1988இல் கொண்டுவந்த 'சைபர்பங்க்' விண்வெளிக்குப் போகாமல் நகரத்திலேயே தங்கியது. உலோகக் கை, இயந்திரக் கண் என்று ஒவ்வொன்றாக உடலில் பொருத்திக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் மனிதத்தன்மையில் கொஞ்சம் குறையும். அது தீர்ந்துபோனால் பாத்திரம் உங்கள் கையை விட்டு நடுவர் கைக்குப் போய்விடும். 2020இல் 'சைபர்பங்க் ரெட்' என்ற புதிய பதிப்பும், அதே ஆண்டில் 'சைபர்பங்க் 2077' கணினி ஆட்டமும் வந்ததால் இந்த உலகத்தைப் பலருக்கு இன்று தெரியும். கணினியில் ஆடியவர்கள் விதிநூலை வாங்கினால் முதலில் கண்ணில் படுவது இந்தக் கணக்குதான்: சக்தி வேண்டும், ஆனால் நானாகவே இருக்க வேண்டும்.

2009இல் வந்த 'எக்லிப்ஸ் ஃபேஸ்' அதைத் தலைகீழாக்கியது. இங்கே மனம் ஒரு கோப்பு; உடல் ஒரு சட்டை. செத்தால் சேமித்துவைத்த நகலிலிருந்து வேறு உடலில் எழலாம், ஆனால் கடைசியாகச் சேமித்ததற்குப் பின் நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. சாவின் விலை உயிரிலிருந்து நினைவுக்கு மாறிவிடுகிறது. சிந்தனைக்கு இதைவிடத் தீனி போடும் அறிபுனை ஆட்டம் அரிது. புதிய நடுவரை மூச்சுத் திணறவைக்கும் நூலும் இதுதான். ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு மூன்று உடல்களுக்கான கணக்கு எழுதத் தயாராக இல்லாதவர்கள் விலகியிருப்பது நல்லது.

1984இன் 'பாரனாயா' இந்த விஷயத்தையே நகைச்சுவையாக்கியது. ஆளுக்கு ஆறு குளோன்கள். கணினி ஆளும் நிலத்தடி நகரம். எல்லோரும் ஏதோ ஒரு வகையில் துரோகிகள். விதிகள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதே அங்கு ராஜத்துரோகம். மேசையில் விதி பேசியே ஆட்டத்தைக் கொல்லும் நண்பர் ஒருவர் இருந்தால் ஒரு மாலைக்காவது இதை ஆடிப் பார்க்கலாம்.

நம்பிக்கையும் நேரமும்

மோடிஃபியஸ் நிறுவனத்தின் 'ஸ்டார் ட்ரெக் அட்வென்சர்ஸ்' (2017) பணத்தை எண்ணுவதே இல்லை. அந்த எதிர்காலத்தில் பணத்துக்கு வேலையும் இல்லை. பாத்திரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பவை அந்த ஆளின் நம்பிக்கைகள்; அவற்றை ஒட்டி நடக்கும்போதும், அவற்றோடு மோதும்போதும் ஆட்டத்தில் பலன் உண்டு. தேவைக்கு மேல் கிடைத்த வெற்றி வீணாகாது. குழுவின் பொதுச் சேமிப்பில் சேரும், அடுத்தவர் எடுத்துச் செலவிடலாம். ஒருவருக்கொருவர் உதவும் கப்பல் குழு என்ற கதையை விதியே ஆடவைக்கிறது. கொள்ளை அடிக்க ஆசைப்படும் நண்பர்களுக்கு இந்த நூல் சலிக்கும்.

அவர்களுக்கு 2018இன் 'ஸ்கம் அண்ட் வில்லனி' இருக்கிறது. ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் தி டார்க்' வகுத்த முறையில் உருவானது. திட்டம் தீட்டுவதில் மாலை முழுக்கக் கரைவதைத் தவிர்க்க, இது நேரடியாகக் களத்தில் இறக்கிவிடும். காவலர் வழிமறித்தால், "இவருக்கு நேற்றே பணம் கொடுத்துவிட்டேன்" என்று பின்னோக்கிப் போய் ஒரு காட்சியைச் சேர்க்கலாம். மன அழுத்தத்தில் விலை கொடுக்க வேண்டும். வரவிருக்கும் ஆபத்தை வட்டத்தைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறாக நிரப்பி எண்ணுவார்கள். வட்டம் நிறைந்தால் போலீஸ் வந்துவிட்டது. டிராவலரில் மாதக்கணக்கு, இங்கே நெருக்கடிக் கணக்கு.

நடுவரின் உழைப்பை எண்ணுகிற நூல்

வாங்கும்போது எல்லோரும் மறந்துவிடும் ஒருவர் நடுவர். ஞாயிறு மாலை ஆட்டத்துக்குச் சனிக்கிழமை இரவு முழுக்கக் குறிப்பெழுதுகிறவர் மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடுவார். டிராவலர் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தது: 8க்கு 10 அறுகோணங்கள் கொண்ட வரைபடம், ஒவ்வொன்றிலும் உலகம் உண்டா என்று பகடை, இருந்தால் துறைமுகத் தரம், அளவு, காற்று, நீர், மக்கள்தொகை, அரசு, சட்டக் கடுமை, தொழில்நுட்பம் என்று எட்டு அம்சங்களை ஒரே வரிக் குறியீட்டில் எழுதலாம். காற்று நச்சு, மக்கள் பத்துக் கோடி, சட்டம் கடுமை என்று விழுந்தால், இங்கே ஏன் இத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்தே கதை பிறக்கும்.

கெவின் கிராஃபோர்ட் இந்த மரபை எடுத்துக்கொண்டு 2010இல் 'ஸ்டார்ஸ் விதவுட் நம்பர்' எழுதினார்; திருத்திய பதிப்பு 2017இல் வந்தது. பழைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியவர்களுக்குப் பழகிய எலும்புக்கூடு. சண்டைக்கு இருபது முகப் பகடை, திறமைக்கு இரண்டு ஆறுமுகப் பகடை. ஆனால் நூலின் உயிர் நடுவருக்கான அட்டவணைகளில் இருக்கிறது. ஒவ்வொரு உலகுக்கும் இரண்டு அடைமொழிகள் விழும். ஒவ்வொரு அடைமொழியோடும் எதிரி, நண்பர், சிக்கல், பொருள், இடம் என்று தயாராக இருக்கும். பின்னணியில் அரசுகளும் வணிகக் குழுக்களும் தங்களுக்குள் ஒரு தனி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கும். அதை நடுவர் தனியே உட்கார்ந்து நடத்தலாம். இவ்வளவும் உள்ள நூலின் பெரும்பகுதி இலவசப் பதிப்பாகக் கிடைக்கிறது. வேறு விதி ஆடும் நடுவர்களும் இந்த அட்டவணைகளைத் திறந்து வைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

நடுவரே கிடைக்காதவர்களுக்கு ஷான் டாம்கின் எழுதிய 'ஸ்டார்ஃபோர்ஜ்ட்' (2022). ஒற்றை ஆளாகவே ஆடலாம். என்ன நடக்கிறது என்று தெரியாத இடத்தில் நூற்றுக்கு உருட்டி அட்டவணையில் குறி பார்க்கலாம். அது எண்ணுவது பாத்திரம் ஏற்ற சபதங்களை; சபதம் எவ்வளவு நிறைவேறியது என்பதே முன்னேற்றம். நண்பர்கள் நான்கு ஊர்களில் சிதறிக்கிடப்பவர்களுக்கு இது உண்மையான தீர்வு.

பகடை என்ன சொல்கிறது

தாயம் ஆடியவர்களுக்கு எல்லா எண்ணும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பது கைப்பழக்கத்திலேயே தெரியும். விதிநூல் தேர்விலும் அது உதவும். இருபது முகப் பகடை ஒன்றில் ஒவ்வொரு எண்ணுக்கும் சமமாக ஐந்து சதவீதம். ஒரு புள்ளி கூடுதல் திறமை இருந்தால் வாய்ப்பும் ஐந்து சதவீதம் கூடும், அவ்வளவே. முட்டாளும் அடிக்கடி ஜெயிப்பான், வல்லவனும் அடிக்கடி விழுவான்.

டிராவலரில் இரண்டு பகடையைக் கூட்டி எட்டு எடுக்க வேண்டும். மாங்கூஸ் பதிப்பின்படி பயிற்சியே இல்லாதவருக்கு மூன்று கழியும். அவர் ஜெயிக்க 8 சதவீத வாய்ப்பு. அடிப்படைப் பயிற்சி இருந்தால் 42. திறமை ஒன்று என்றால் 58, இரண்டு என்றால் 72. ஒரே ஒரு புள்ளிக்கு எவ்வளவு மதிப்பு! டாக்டர் டாக்டராகவும் பைலட் பைலட்டாகவும் இருக்கும் உலகம் இப்படித்தான் உருவாகிறது. 2010இல் வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் எழுதிய 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' அதே இரண்டு பகடையை வேறு மாதிரிப் பயன்படுத்தியது: பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் முழு வெற்றி, ஏழு முதல் ஒன்பது வரை விலையோடு வெற்றி, அதற்குக் கீழே விபரீதம். நடுவில் விழும் அந்த அரைகுறை வெற்றிதான் அதிகம் கதை வளர்க்கும். பகடை முறையின் எளிமையை விட, தோல்வி எப்படிப்பட்டது என்பதைப் பார்த்துத் தேர்வு செய்வது நல்லது. தோற்றால் எதுவும் நடக்காத ஆட்டம் சீக்கிரம் அலுத்துவிடும்.

கப்பல் என்னும் தலைவலி

அறிபுனை ஆட்டங்களுக்கென்றே ஒரு பழைய நோய் உண்டு. கப்பல் சண்டை தொடங்கியதும் ஓட்டுபவருக்கு வேலை, சுடுபவருக்கு வேலை. மற்ற மூவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு நூலும் இதற்கு ஒரு மருந்து தருகிறது. பைசோ நிறுவனத்தின் 'ஸ்டார்ஃபைண்டர்' (2017) கேப்டன், எஞ்சினியர், கன்னர், பைலட், அறிவியல் அதிகாரி என்று ஆளுக்கொரு நாற்காலி போட்டது. எல்லோருக்கும் வேலை கிடைத்தது, ஆனால் சுற்றுக்குச் சுற்று அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. ஸ்டார் ட்ரெக் நூலின் வழி வேறு: கேப்டன் கப்பலில் இருக்க மற்றவர்கள் தரையிறங்கினால், கேப்டனை ஆடுபவர் அந்தக் குழுவில் ஒரு இளநிலை அதிகாரியாகச் சேர்ந்துகொள்ளலாம். ஸ்கம் அண்ட் வில்லனி கப்பலுக்கே ஒரு தாள் கொடுத்து, சண்டைக்குத் தனி விதி வைக்காமல் விட்டது. திகில் நூல்களில் இந்தச் சிக்கலே எழாது. அங்கே கப்பல் உள்ளிருந்து பூட்டப்பட்ட வீடு. வாங்கும் முன் ஒரு நூலில் படிக்க வேண்டிய ஒரே அத்தியாயம் எது என்று கேட்டால், கப்பல் சண்டை அத்தியாயம் என்பேன்.

எந்த விதியிலும் ஆடலாமே?

நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. நல்ல நடுவர் எந்த விதியை வைத்தும் எந்தக் கதையையும் நடத்திவிடுவார். விதிநூல் வெறும் சாக்கு. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986 முதல் வெளியிடும் 'கர்ப்ஸ்' இந்த எண்ணத்தின் உச்சம்: மூன்று பகடை, நான்கு அடிப்படைக் குணங்கள், எந்த உலகத்துக்கும் பொருந்தும் விதி. அதன் 'ஸ்பேஸ்' துணைநூல், கோள்களையும் நாகரிகங்களையும் அறிவியல் கண்டிப்போடு உருவாக்க விரும்புகிறவர்களுக்குத் தனியாகவே படிக்கத் தக்கது. எதிர்முனையில் ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' (2013) ஒரே பக்கம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அறிவால் செய்யும் காரியத்துக்கு அதற்குக் கீழே விழ வேண்டும், மனதால் செய்யும் காரியத்துக்கு மேலே. விதி அவ்வளவுதான்.

மறுப்பில் பாதி சரி. தேர்ந்த நடுவர் இல்லாத குறையை நூலால் ஈடுகட்ட முடியாது. ஆனால் அந்த நடுவர் பொது விதியை எடுத்துக்கொண்டு விண்வெளித் திகிலை நடத்தும்போது என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஒரு தாளின் ஓரத்தில் ஆளுக்கு எவ்வளவு பயம் என்று கோடு போட்டுக்கொண்டிருப்பார். விதிநூல் தராத கட்டத்தை அவரே வரைந்துகொள்கிறார். அனுபவசாலிக்கு அது மகிழ்ச்சி; முதல் முறை நடத்துகிறவருக்கு அது சுமை. எண்ண வேண்டியதை எண்ணித்தரும் நூல் புதியவருக்கு உதவும் மூத்த நண்பரைப் போல.

பக்கம், பணம், பேச்சு

ஸ்டார்ஃபைண்டர் ஐநூறு பக்கங்களைத் தாண்டும். நான்கு பேரில் ஒருவராவது அதை விரும்பிப் படிப்பவராக இருந்தால் மட்டுமே அது அலமாரியை விட்டு இறங்கும். பணம் போடும் முன் இலவசமாகக் கிடைப்பவற்றை ஆடிப் பார்ப்பதே புத்தி: ஸ்டார்ஸ் விதவுட் நம்பரின் இலவசப் பதிப்பு, கர்ப்ஸ் லைட், மேலே சொன்ன ஒற்றைப் பக்கம். டிராவலரின் 2008 பதிப்பு விதிகள் திறந்த உரிமத்தில் வந்ததால், அவற்றிலிருந்து 'செஃபியஸ் எஞ்சின்' என்ற வாரிசு 2016இல் பிறந்தது. எக்லிப்ஸ் ஃபேஸ் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே வெளியானது. இத்தகைய நூல்களை யாரும் பறிக்க முடியாது. திரைப்பட உரிமத்தில் வருபவை அப்படியில்லை. ஸ்டார் வார்ஸ் விதிநூல் 1987 முதல் பல பதிப்பகங்கள் கைமாறியிருக்கிறது. பெரும்பாலும் விதிகளும் அடியோடு மாறின. கையிலிருக்கும் நூல் செத்துவிடாது, ஆனால் துணைநூல்கள் வருவது நின்றுவிடும்.

நாம் யோசிக்க வேண்டிய இன்னொன்று பேச்சு. இந்த நூல்கள் ஆங்கிலத்தில். மேசையில் ஓடும் பேச்சு தமிழில். ஒவ்வொரு செயலுக்கும் தனிக் கலைச்சொல் வைத்திருக்கும் நூலை ஆடும்போது, "நான் இப்போது எந்த மூவ் எடுக்க வேண்டும்?" என்று பேச்சு அடிக்கடி தடுக்கி விழும். இரண்டு பகடை, எட்டு எடு, அழுத்தம் ஒன்று கூட்டு என்று சொல்லிவிடக்கூடிய விதிகள் எந்த மொழியிலும் கரைந்துவிடும். முதல் அமர்வில் அரை மணி நேரம் ஒதுக்கி, பாத்திரத் தாளில் உள்ள ஏழெட்டுச் சொற்களுக்கு உங்கள் மேசைக்கென்று பெயர் வைத்துக்கொண்டால் பிறகு எல்லாம் எளிது. 'ஸ்ட்ரெஸ்' என்று வைப்பதா 'பதற்றம்' என்று வைப்பதா என்ற சண்டையே ஒரு நல்ல தொடக்கம்.

கடைசியாக ஒரு சோதனை. பெரும்பாலான ஆட்டங்களின் வெற்றுப் பாத்திரத் தாள்கள் இலவசமாகவே கிடைக்கும். மூன்று நான்கை அச்சிட்டு மேசையில் பரப்புங்கள். பத்து அமர்வுகள் ஆடி முடித்த பிறகு ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ஏதோ ஒரு கட்டத்தில் தாள் மெலிந்து கிழியத் தொடங்கியிருக்கும். டிராவலரில் அது கப்பலின் வரவுசெலவுப் பக்கம், மதர்ஷிப்பில் அழுத்தம், சைபர்பங்கில் மனிதத்தன்மை, கடத்தல்காரர் ஸ்டார் வார்ஸில் கடப்பாடு. உங்கள் நண்பர்கள் நள்ளிரவு தாண்டியும் எதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருப்பார்கள் என்பது அந்தக் கிழிசலில் தெரியும். எந்தக் கிழிசல் உங்களுக்குப் பிடித்திருக்கிறதோ, அந்த நூலை வாங்குங்கள். கூடவே நல்ல அழிப்பான் ஒன்றும்.